வேண்டாததாக இருக்கக்கூடும்

கேள்வி மயில்சாமியின் கைப்பேசிக்கு வந்தது. ஆயினும் அது அவனுடைய காதுகளைப் பற்றியதன்று. குமாரபாளையத்தின் மேற்குத் தெருக்களில் வாழ்ந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட பிறருடைய காதுகளைப் பற்றியது.

‘உங்கள் கணக்கில் உள்ள செவிக்கருவிகளில் சொல்நிரப்பி என்னும் நிரல் இருப்பது கண்டறியப்பட்டது. இது வேண்டாததாக இருக்கக்கூடும். வைத்திருக்கவா? நீக்கவா? ஞாயிறு மாலைக்குள் விடை வராவிடின் நீக்கப்படும்.’

செய்தியை அனுப்பியது ‘அரண்’ என்னும் காவல் நிரல். செவிக்கருவிகளுக்குள் கேடு செய்யும் நிரல்கள் புகாதவாறு காப்பது அதன் பணி. இத்தனை ஆண்டுகளில் அது மயில்சாமியிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

விசைத்தறியோடு இருபது முப்பது ஆண்டு உழைத்தவர்களுக்குக் காது போவதை அவ்வூரில் எவரும் நோயாகக் கருதியதில்லை. தலை நரைப்பது போன்றதொரு காரியமாகவே அது இருந்தது. பிற்காலத்தில் தறித் தொழிலாளருக்கென்று ஒரு செவித் திட்டம் வந்தது. காதின் பின்னுள்ள எலும்பில் ஒரு சிறு கருவியைப் புதைத்துவிடுவார்கள்; அது வெளியொலியை வாங்கி நரம்புக்கு நேரே கொடுக்கும். கருவியை இயக்குவதற்கு ஒரு நிரல் வேண்டும். நிரலைப் பதிவு செய்வதற்கு மின்னஞ்சல் வேண்டும். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்தவன் அத்தெருவில் செல்போன் கடை வைத்திருந்த மயில்சாமி ஒருவனே. கேஸ் பதிவு செய்வதும் மின்கட்டணம் கட்டுவதும் அவனிடம்தான் நடந்தன.

“உன்ற நம்பரையே போட்டுக்க மயிலு. எனக்கு ஏதாச்சும் வந்தாலும் நீதானே படிச்சுச் சொல்லோணும்” என்று முதலாமவர் சொன்னார். இரண்டாமவரும் அதையே சொன்னார். பிறகு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரே மின்னஞ்சலிலும் ஒரே எண்ணிலும் அவன் எல்லாரையும் பதிவு செய்தான். அதை அவர்கள் உதவி என்று நினைத்தார்கள். அவனும் அவ்வாறே நினைத்தான். இவ்வாறாக, எவரும் கருதாமலே, அத்தனை காதுகளுக்கும் மயில்சாமி உரிமையாளன் ஆனான்.

கடை முகப்பில் இருந்த பெஞ்சில் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். விசைத்தறிகள் ஓடும் கொட்டகையான தறிக்குடோனில் நெடுங்காலமாக வேலை பார்ப்பவர். வலக்கையில் இன்னும் கட்டுப் போட்டிருந்தது.

“என்னப்பா மயிலு, மொகம் சுண்டிப் போச்சு?”

மயில்சாமி செய்தியைப் படித்துக் காட்டினான்.

“என்ற காதைப் பத்தி உன்றகிட்ட எதுக்குக் கேக்கறான்?”

“கணக்கு என்ற பேர்ல இருக்குதுங்கண்ணா.”

“அப்ப என்ற காதுக்கு ஓனரு நீயா? இத்தன நாளும் என்ற பொண்டாட்டின்னு நெனச்சிட்டிருந்தேன்.”

மயில்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. செய்தியின் அடியில் இருந்த உதவி எண்ணை அழைத்து, அர்த்தநாரிக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தான். அரண் நிறுவனத்தின் சென்னை அலுவலகத்திலிருந்து நஸ்ரின் என்ற பெண் பேசினார்.

“இது வைரஸுங்களா மேடம்?”

“இல்லை சார். வைரஸாக இருந்தால் கேட்காமலே நீக்கிவிடுவோம். இது அனுமதி கேட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறது. இலவசமாக ஓர் ஒலிகூட்டி நிறுவினீர்கள் அல்லவா? அதன் கூடவே வந்தது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கேட்டிருப்பார்கள். நீங்கள் சம்மதம் என்று அழுத்தியிருப்பீர்கள்.”

“எல்லாத்துக்கும் சம்மதம்தானுங்க அழுத்துவேன். இல்லீனா அடுத்த பக்கமே வராதுங்களே.”

“எல்லாரும் அப்படித்தான் சார்.”

“அப்பறம் இப்ப மட்டும் எதுக்குக் கேக்கறீங்க?”

“முன்பெல்லாம் இந்த வகை நிரலைத் தேடும் சோதனை அணைந்தே இருக்கும். வேண்டுமென்பவர்கள் தேடிப்போய் இயக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். எவரும் தேடிப்போகவில்லை. இந்த மாதம் முதல் எல்லாருக்கும் அது இயங்கிய நிலையிலேயே வருகிறது. வேண்டாமென்பவர்கள் தேடிப்போய் அணைத்துக்கொள்ளலாம்.”

“அதையும் எவனும் தேடிப் போக மாட்டான்” என்றார் அர்த்தநாரி.

மறுமுனையில் ஒரு சிறு சிரிப்பு எழுந்தது. “அதனால்தான் ஐயா எங்கள் அலுவலகத்தில் ஆறேழு மாதம் சண்டையே நடந்தது. கருவிக்காரன் சம்மதித்துவிட்டான், இடையில் புகுந்து குற்றம் சொல்ல நாம் யார் என்பது ஒரு கட்சி. எதற்குச் சம்மதித்தோம் என்றே அவனுக்குத் தெரியாதே, அதற்குப் பெயர் சம்மதமா என்பது மற்றொரு கட்சி.”

“எந்தக் கட்சி செயிச்சுது?”

“இரண்டாவது. நானும் அதில்தான் இருந்தேன்.”

சொல்நிரப்பி என்ன செய்கிறது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். இரைச்சலுக்கிடையேயோ தெளிவின்றியோ ஒருவர் பேசும்போது சில சொற்கள் விழுங்கப்படும். அந்நிரல் விடுபட்ட சொல்லை ஊகித்து, பேசியவரின் குரலிலேயே காதுக்குள் நிரப்பிவிடும். அதனோடு இடையிடையே விளம்பரமும் சொல்லும்.

“ஊகிக்கறது நல்லதுதானுங்களே?”

“சரியாக ஊகித்தால் நல்லதுதான் சார். ஆனால் இது சரியான சொல்லைத் தேடுவதில்லை. எந்தச் சொல்லைக் கேட்டால் மனிதர் மறுபடி ‘என்ன?’ என்று கேட்காமல் நிம்மதியாக இருக்கிறாரோ, அந்தச் சொல்லின் பக்கம் சாய்கிறது. நிம்மதியாக இருப்பவர்கள் நிரலை நீக்குவதில்லை. நீக்காதவரை விளம்பரம் ஓடும்.”

அர்த்தநாரி தம் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். சென்ற மாதம் தறியின் பல்சக்கரத்தில் சிக்கிய நூலை எடுப்பதற்காக, “நிறுத்தியாச்சா?” என்று அவர் எதிர்ப்பக்கத்து ஆளிடம் கேட்டார். “இன்னும் இல்ல, இருங்க” என்று அந்த ஆள் கத்தினான். அருகிலிருந்த நான்கு பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். அர்த்தநாரியின் காதிலோ, அதே ஆளின் குரலில், “நிறுத்தியாச்சு” என்று விழுந்தது. இரண்டு விரல்கள் போயின. அவருக்கு வயதாகிவிட்டது, காதும் புத்தியும் மங்கிவிட்டன என்றே குடோனில் பேசிக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்.

“காதுல உழுந்ததத்தான் நான் கேட்டேன்” என்றார் அவர், எவரையும் நோக்காமல்.



“அப்ப ஆளாளுக்குக் கேட்டு, வேணுங்கறவங்களுக்கு வெச்சுட்டு மத்தவங்களுக்கு எடுத்தறலாமுங்களா?” என்று மயில்சாமி கேட்டான்.

“ஒரு கணக்குக்கு ஒரு விடைதான் சார். உங்கள் கணக்கைப் பிரிக்க முடியும். ஆனால் ஒவ்வொருவரும் கருவி பொருத்திய மருத்துவமனைக்கு நேரில் போய் அடையாளம் காட்ட வேண்டும். எப்படியும் இரண்டு மாதமாகும். இதற்கு ஞாயிறு வரைதான் தவணை. நீக்கிவிட்டால் அது கற்றுவைத்ததெல்லாம் அழிந்துபோகும். மறுபடி நிறுவ முடியாது.”

அன்றும் மறுநாளும் கடைக்கு வந்தவர்களையெல்லாம் மயில்சாமி கேட்டான். பெரும்பாலோர் ஒரே விடைதான் சொன்னார்கள். “எடுத்தெறி சாமி. கோயில்ல தீபாராதன காட்டறப்ப காதுக்குள்ள பனியன் விக்கறான்” என்றார் ஒருவர். பனியன் விளம்பரத்தில் வரும் பாட்டு மட்டும் இருக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். அர்த்தநாரியின் கையைக் கண்டவர்கள் வேறொன்றும் பேசாமல் தலையசைத்தார்கள்.

வைத்திருக்க வேண்டும் என்று சொன்னவர் ஒருவரே. அவர் கடைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியனுப்பினார். அவர் பெயர் தெய்வானை. அர்த்தநாரி வேலை பார்க்கும் அதே குடோனில் இருபத்தைந்து ஆண்டு தறி ஓட்டியவர். கணவர் அங்கமுத்து பக்கவாதத்தில் விழுந்த பிறகு வேலையை விட்டுவிட்டு அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை மயில்சாமி அவர்கள் வீட்டுக்குப் போனான். முன்னறையில் கட்டில். அங்கமுத்துவின் இடப்பாதி முகம் கீழ்நோக்கி இழுபட்டிருந்தது. இடக்கையும் காலும் அசைவற்றுக் கிடந்தன. தெய்வானை கட்டிலின் தலைமாட்டில், கணவரின் முகம் தெரியாத பக்கமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“வா தம்பி. நானே வரோணும்னுதான் இருந்தேன். இவரை உட்டுட்டு நகர முடியறதில்ல.”

“நல்லாருக்கீங்களா மாமா?” என்று மயில்சாமி கட்டிலை நோக்கிக் கேட்டான்.

அங்கமுத்துவின் வாய் ஒருபுறமாகத் திறந்தது. ஈரமான, உருவமற்ற ஓர் ஒலி வந்தது. மயில்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“உனக்கு மோர் கொண்டாரச் சொல்றாரு” என்றார் தெய்வானை. “மத்தவங்களுக்கு இவரு பேசறது வெளங்காது. எனக்கு நல்லாக் கேக்குது. அதுக்குத்தான் தம்பி அத எடுக்காதீங்கன்னு சொல்லியுட்டேன்.”

அவர் உள்ளே சென்றார். அங்கமுத்து மீண்டும் அதே ஒலியை எழுப்பினார். மயில்சாமி குனிந்து காதை அருகில் கொண்டுபோனான். மூன்றாம் முறை, நடுவில் ஓர் எழுத்து நழுவிப்போன ஒரு சொல் அவனுக்குப் புலப்பட்டது.

“எரியுதுங்களா மாமா?”

அங்கமுத்து கண்ணை மூடினார். நல்ல பக்கத்துக் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பிறகு வலக்கையால் மயில்சாமியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். அவ்வளவு வலிமை அக்கையில் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

தெய்வானை மோரோடு வந்தபோதும் அந்தப் பிடி தளரவில்லை.

“அக்கா, மாமா மோரப் பத்திப் பேசலீங்க.”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அவன் மேலே சொல்வதற்குள், “எரியுதுங்கறாரு. அதானே?” என்றார்.

மயில்சாமி நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

“இருவத்தஞ்சு வருசம் தறிக்குடோன்ல இருந்தவ தம்பி. அந்தச் சத்தத்துல ஒருத்தி பேசறது இன்னொருத்திக்குக் கேக்குமா? வாயப் பாத்துத்தான் பேசிக்குவோம். எட்டுத் தறி தள்ளி நிக்கறவ மாமியாரத் திட்டறதக்கூடப் பாத்தே தெரிஞ்சுக்குவோம். வாய் கோணிப் போச்சுன்னா இவரு சொல்றது எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா அக்கா?”

“டாக்டர்கிட்ட எத்தன தரம் கூட்டிட்டுப் போயிருப்பேன். மூளைக்குள்ள இருக்கற நரம்பு எரியுதாம். வெளிய ஒரு காயமில்ல, தடவறதுக்கு எடமில்ல. குடுக்கற மாத்தரையத்தான் குடுக்கோணும், அதுக்கு மேல ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. நானும் என்ன பண்ணட்டும்? பொழுதுக்கும் எரியுது எரியுதுன்னு கேட்டுக்கிட்டே எப்படிச் சோறாக்கறது, எப்படி இவர அள்ளி எடுத்துத் தொடைக்கறது? அப்பத்தான் அது காதுல பேச ஆரம்பிச்சுது. இவரு குரல்லயே. தெய்வான, சாப்ட்டயான்னு கேட்டுது.” அவர் உதடு இலேசாக வளைந்தது. “கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு நாளு அப்படிக் கேட்டதில்ல இந்த மனுசன். பொய்யின்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. இருந்தாலும் எந்திரிச்சுப் போய்ச் சாப்பிட்டேன்.”

அங்கமுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய காதுகளில் ஒரு குறையும் இல்லை.

“அதுக்குத்தான் மொகத்தப் பாக்காம இந்தப் பக்கம் உக்காந்துக்கறது” என்றார் தெய்வானை. “அந்தச் சத்தமும் போயிருச்சுன்னா கண்ணு மட்டுந்தான் மிச்சம். மத்தவங்களுக்கு எடுத்துக்கங்க தம்பி. என்ற காதுல மட்டும் உட்ருங்க.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள பிரிக்க முடியாதாமுங்க்கா. எல்லாத்துக்கும் ஒரே பதில்தானாம்.”

அவர் தம்ளரை எடுத்து அவனிடம் நீட்டினார். பிறகு, “அர்த்தநாரியண்ணன் கையப் பாத்தேன்” என்றார். “இன்னிக்கு அவரு, நாளைக்கு எவரோ. நான் என்னத்தச் சொல்லட்டும்? நீயே பாத்துச் செய்யி.”

மயில்சாமி மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டு வெளியே வந்தான். தெருமுனையில் நின்று மீண்டும் நஸ்ரினை அழைத்தான். அர்த்தநாரியின் விரல்கள் போனதையும் தெய்வானை வீட்டில் நடந்ததையும் சொல்லி, “இத எடுத்துட்டா மாமா பேசறது அக்காவுக்கு எப்படிங்க கேக்கும்?” என்று வினவினான்.

“கருவியின் மூல நிரல் தெளிவான பேச்சை மட்டுமே பேச்சாக எடுத்துக்கொள்ளும் சார். மற்றவற்றை, தறிச்சத்தத்தைப் போல, வேண்டாத ஒலி என்று வடிகட்டிவிடும்.”

“அப்ப?”

“அவர் பேசுவது ஒன்றும் கேட்காது. பொய்யும் கேட்காது, மெய்யும் கேட்காது.”

பேருந்தொன்று கடந்து போகும்வரை அவன் காத்திருந்தான்.

“வெச்சிருன்னு அழுத்தினா மேடம்?”

“எல்லாருக்கும் இருக்கும். விரல் போனவருக்கும்.” நஸ்ரினின் குரல் தாழ்ந்தது. “நான் இரண்டாவது கட்சி என்று சொன்னேன் அல்லவா? அவ்வளவு சண்டையில் இப்படி ஒருவரை எங்களில் எவரும் நினைக்கவில்லை. முதல் கட்சிக்காரர்களும் நினைக்கவில்லை. முடிவு உங்களுடையது சார்.”

“என்னோடது இல்லீங்களே மேடம். அதுதானுங்க சிக்கலே.”

ஞாயிற்றுக்கிழமை மயில்சாமி வழக்கத்துக்கு மாறாகக் கடையைத் திறந்து வைத்திருந்தான். இரண்டு பொத்தான்களும் திரையில் இருந்தன. ‘வைத்திரு’ என்பதன்மேல் விரலைக் கொண்டுபோனான். அர்த்தநாரி அன்று பெஞ்சில் இல்லாவிடினும் அவருடைய கை கண்முன் வந்தது. ‘நீக்கு’ என்பதன்மேல் கொண்டுபோனான். தன் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. மெய்யைச் சொல்லும் உரிமை அங்கமுத்துவுக்கு உண்டு, அவர் மனைவிக்கு அது கண்வழியாகவேனும் எட்ட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. எட்டினால் அக்கா என்ன செய்வார் என்று மறுகணம் தோன்றியது. கடைசியில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்தவர் ஒருவருடைய போனுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டத் தொடங்கினான். தான் எதனையும் தெரிந்தெடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் வசதி ஒன்று அவனுக்கு எஞ்சியிருந்தது. அதனை அவன் பயன்படுத்திக்கொண்டான்.

மாலையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. அதை அவன் எடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்கு வந்தவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். காது கழுவிவிட்டாற்போல் இருக்கிறது என்றார்கள். கட்டைப் பிரித்ததும் அர்த்தநாரி தறிக்குத் திரும்பினார். “இப்பல்லாம் ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் கைய வைக்கறேன்” என்று சொன்னார். மயில்சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். தெய்வானையின் வீட்டுப் பக்கம் போகாமலிருக்கச் சில நாள்கள் சுற்றுவழியில் நடந்தான். பிறகு ஒரு மாலை, போகாமலிருப்பதும் இயலாமற் போயிற்று.

ஸ்டூல் இப்போது கட்டிலின் பக்கவாட்டில், கணவரின் முகம் தெரியும்படி இருந்தது. தெய்வானை துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் மெலிந்து போயிருந்தார். அவனைக் கண்டதும் கோபிக்கவில்லை, வரச்சொல்லித் தலையசைத்தார்.

“எனக்குத் தெரியும் தம்பி, உன்னால என்ன செய்ய முடியும்?” என்றார். “காது இப்ப நல்லாத்தான் கேக்குது. நீ பேசறது கேக்குது. குக்கர் சத்தம் கேக்குது. இவரு மட்டும் வாயத் தெறந்து மூடறாரு.”

அங்கமுத்து மயில்சாமியைப் பார்த்துவிட்டார். நல்ல கண் அகலத் திறந்தது. வலக்கை போர்வையை விட்டு வெளியே வந்து அவனிருந்த திசையில் நீண்டது. தம் சொல் விளங்கிய ஒருவன் வந்துவிட்டான் என்பது அந்த முகத்தின் பாதியில் தெளிவாகத் தெரிந்தது. வாய் கோணித் திறந்தது. இம்முறை மயில்சாமி குனியவேண்டியிருக்கவில்லை. அதே சொல் அவனுக்கு நன்றாகவே கேட்டது. ஒருமுறையன்று, அடுத்தடுத்து மூன்று நான்கு முறை கேட்டது.

தெய்வானை கணவரின் பக்கம் திரும்பவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுத்து மயில்சாமியைப் பார்த்தார்.

“என்ன சொல்றாரு தம்பி?”

 அவன் சன்னல் பக்கம் பார்த்தான்.

“மழை வருமான்னு கேக்கறாருங்க்கா.”

தெய்வானை சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். வெயில் சுவரில் மஞ்சளாகப் படிந்திருந்தது.

“வராதுங்க” என்று கட்டிலை நோக்கிச் சொன்னார். “துணியெல்லாம் காஞ்சு போச்சு. நீங்க கவலப்படாதீங்க.” சொல்லிவிட்டு மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு, முன்னைவிடச் சற்று விரைவாக உள்ளே நடந்தார். அடுக்களையில் தட்டு வைக்கும் ஓசை கேட்டது.

நீண்டிருந்த கை போர்வையின்மேல் தாழ்ந்தது. அங்கமுத்து மயில்சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அந்தக் கண்ணைச் சந்திக்க முயன்று தோற்றான். அவர் வாயை ஒருமுறை திறந்தார். பிறகு, சொல்லாமலே மூடிக்கொண்டார்.